ஈரச்சாக்கு

மாசி பிறந்துவிட்டால் என் மாவு மில்லில் எனக்கே நிற்க இடம் கிடைக்காது. வாடிப்பட்டியில் பாதி வீடுகளில் வத்தல் போடுவார்கள். அந்தப் பாதி வீடுகளும் அரிசியைத் தூக்கிக்கொண்டு என்னிடம்தான் வரவேண்டும். யாராவது வரவில்லையென்றால் என்ன ஏதென்று விசாரித்துவிடுவேன். அடுத்த வீட்டுச் சங்கதி உனக்கெதுக்கு என்று என் பெண்டாட்டி திட்டுவாள். அடுத்த வீட்டுச் சங்கதி தெரியாத மில்லுக்காரன் மில்லை இழுத்துப் பூட்டிவிட்டுப் போகவேண்டியதுதான்.

இந்த வருடம் மாசி பாதி தாண்டியும் எதிர்வீட்டுச் செல்லத்தாய் மதினி வரவில்லை. ஏன் வரவில்லை என்று விசாரிக்கிற வேலையும் எனக்கு இல்லை. அது தெருவுக்கே தெரிந்த கதை.

சொந்த மதினி இல்லை. மலையாண்டி அண்ணனை நான் அண்ணே என்று கூப்பிடுவதால் வந்த முறை. அண்ணன் கொத்தனார். மதினி அவரிடம் சித்தாளாக வேலை பார்த்து அவரையே கட்டிக்கொண்டவர். சோழவந்தான், சமயநல்லூர், அலங்காநல்லூர் என்று சுற்றுப்பட்டு ஊரெல்லாம் அடுத்தவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, கடைசியாகத் தங்களுக்கும் ஒன்றைக் கட்டினார்கள். மாடித் தளத்தை அண்ணன் தன் கையால் போட்டு மட்டம் பார்த்தார். மதினி கலவைச் சட்டி சுமந்தார். இடுப்பு ஒத்துழைக்காமல் போன பிறகு மதினி கட்டட வேலையை விட்டுவிட்டு அந்த மாடியில் வத்தல் போட ஆரம்பித்தார். கோரிப்பாளையத்தில் மெஸ் வைத்திருக்கும் ஒரு பாய் மொத்தமாக எடுத்துக்கொள்வார். அவர் இலையில் வைக்கும் கூழ்வத்தல் எங்கள் தெருச் சரக்கு என்று நானே நாலு பேரிடம் பீற்றியிருக்கிறேன்.

வருடம் போகப் போகத் தளம் தேய்ந்தது. மேல்பூச்சு போய் ஜல்லி பல்லைக் காட்டியது. கூட்டக் கூட்ட மணல் வந்தது. பங்குனிக் காற்றுக்கு அந்த மணல் எழும்பி ஈரக்கூழில் போய் உட்கார்ந்துகொள்ளும். மதினிக்கு அது தெரிய வழியில்லை. பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்ததிலிருந்து எண்ணெய்ப் பலகாரத்தை அவர் வாயில் வைப்பதில்லை. பொரித்துத் தின்று பார்த்துச் சரி தப்புச் சொல்வது அண்ணன் பொறுப்பு. போன வருடம் ஒவ்வொரு தடவையும் அண்ணன் தின்று பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றே சொன்னார். பாய் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார். கோபப்படக்கூட இல்லை. "அக்கா, சாப்புடுறவங்க பல்லுல மண்ணு கடிக்குதுன்றாங்க. தப்பா எடுத்துக்காதீங்க" என்று போனில் சொன்னார்.

அன்றைக்கு மதினி அண்ணனிடம் கேட்டது என் காதிலும் விழுந்தது.

"ஒனக்குக் கடிக்கலையா?"

"கடிச்சுச்சு."

"அப்பறம் ஏன்யா நல்லாருக்குன்ன?"

அண்ணன் என்ன சொல்வார்? வத்தலில் மண் என்றால் மண் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். தான் போட்ட தளம் உதிர்கிறது என்று ஒரு கொத்தனார் தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பதிலாக மனுசன் மணலை மென்று விழுங்கியிருக்கிறார்.

மதினி அத்தனை வத்தலையும் மாட்டுத்தொட்டியில் கொட்டினார். "ருசி பாக்குற ஆளே பொய் சொன்னா நா யாரை நம்பி அடுப்பப் பத்தவைக்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதோடு கூழ் கிண்டுவதை விட்டுவிட்டார். சண்டை கிண்டை எதுவும் கிடையாது. சோறு பொங்கினார், குழம்பு வைத்தார், தெருவில் எல்லோரிடமும் பேசினார். மாடிப்படி மட்டும் ஏறவில்லை. துவைத்த துணியைக்கூட வாசல் கொடியில்தான் காயப்போட்டார். அம்புட்டுக் கைப்பக்குவமும் இப்படி வீணாகப் போகிறதே என்று எனக்கு வயிறெரிந்தது. என் வயிறே அப்படி எரிந்தால் அண்ணனுக்கு எப்படி இருந்திருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளன அந்த வீட்டு வாசலில் லோடு ஆட்டோ வந்து நின்றது. அண்ணன் மகன் அழகுபாண்டி கப்பலூரில் ஒரு பூச்சுச் சரக்கு குடோனில் வேலை பார்க்கிறான். வாளிகளையும் தூள் மூட்டைகளையும் அவன் இறக்கும்போதே நான் மில்லைப் பெண்டாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு அங்கே போய் நின்றேன்.

"என்னடா மகனே, பெயிண்டா?"

"பெயிண்டு இல்ல சித்தப்பா, கோட்டிங்கு. தண்ணியா இருக்காது. இட்லி மாவுக் கெட்டிக்கு இருக்கும். ரோலர்ல உருட்டிவிட்டாப் போதும், பேந்த தளத்து மேல தோலு கணக்காப் புடிச்சுக்கும். அதுக்கப்பறம் ஒரு பொட்டு மணலு எந்திரிக்காது."

அண்ணன் வாளியை விரலால் தட்டிப் பார்த்தார். "பழசக் கொத்தி எடுத்துட்டுப் புதுசாப் பூசிருவோம்டா."

"கொத்துனா தாங்குமாப்பா?"

"தாங்கும்."

"எதுண்ணே? வீடா, ஒங்க முட்டியா?" என்றேன்.

அண்ணன் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறினார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

நிறம் என்ன என்பதில் ஒரு பேச்சு வந்தது. சரக்கு வெள்ளையாகத்தான் வரும், வேண்டுமென்றால் சாம்பல் கலந்துகொள்ளலாம் என்றான் அழகுபாண்டி. வெள்ளையாகவே இருந்தால் வெயில் தரையில் தங்காது, வீடு குளுகுளுவென்று இருக்கும் என்றும் சொன்னான். அண்ணன் தலையாட்டினார். அப்போது கீழே அடுப்படியிலிருந்து மதினியின் குரல் வந்தது.

"வெள்ளையெல்லாம் ஆகாது. வெயிலு மேலருந்து மட்டும் அடிச்சாப் பத்துமா? தரையும் சுடணும். இல்லாட்டி வத்தலு அடிப்பக்கம் நமத்துப் போகும்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு வாய் சும்மா இருக்காது. கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்து, "வத்தல்தான் போடமாட்டேன்னுட்டீகளே மதினி" என்றேன்.

"நா எங்க போடப் போறேன்? நாளைக்கு இந்த வீட்டுக்கு வர்றவ போடுவா. நீ ஒன் மில்லப் போய்ப் பாருய்யா, கொழுந்தனாரே."

அழகுபாண்டி சாம்பல் நிற டப்பாவை எடுத்துத் தனியாக வைத்தான்.

முதலில் சுரண்டல்தான். கம்பிப் பிரஷ் வைத்துத் தேய்க்கத் தேய்க்கத் தளம் பொக்கை பொக்கையாகப் பேர்ந்து வந்தது. அப்பனும் மகனும் முக்காடு போட்டுக்கொண்டு தேய்த்தார்கள். கூட்டி அள்ளிய மணலை அண்ணன் தானே சுமந்து கீழே கொண்டுபோய்க் கொட்டினார். அப்புறம் கழுவிவிட்டு, விரிசல்களில் பசையை அப்பிக் காயவிட்டார்கள். மறுநாள் விடிந்ததும் முதல் பூச்சு. வாளியில் இருந்தது பால் மாதிரி ஒரு திரவம். அதில் தூளையும் சாம்பல் நிறத்தையும் கொட்டி, டிரில்லில் மாட்டிய கம்பியால் கலக்கினான் அழகுபாண்டி. தூளை அண்ணன் உள்ளங்கையில் வாங்கித் தேய்த்து, மோந்து பார்த்து, "இதுல சிமெண்டுல்ல இருக்கு" என்றார். தனக்குத் தெரிந்த ஒருத்தனை அசலூரில் பார்த்துவிட்ட சந்தோசம் அவர் முகத்தில் இருந்தது. ரோலரைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகு அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. வெயில் ஏறித் தரை காலைச் சுடுவதற்குள் தெற்கு வடக்காக ஒரு நடை முடிந்தது. ரோலர் பட்ட இடமெல்லாம் புள்ளி புள்ளியாக, பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானம் மதினி சாப்பாட்டைத் தூக்குவாளியில் போட்டுப் கீழ்ப்படியில் வைத்துவிட்டுக் குரல் கொடுத்தார். கம்மங்கூழ், கெட்டி மோர், உரித்த சின்ன வெங்காயம், நெத்திலிக் கருவாட்டு வறுவல். பக்கத்தில் கடையில் வாங்கிய பொரித்த அப்பளம் ஒரு பாக்கெட். பிரிக்காமல் அப்படியே வைத்திருந்தார். வத்தல்காரி வீட்டில் கடை அப்பளம். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு வெங்காயத்தை மட்டும் கடித்துக்கொண்டார். நான் பிரித்துத் தின்றேன். என்ன செய்வது, நன்றாகத்தான் இருந்தது.

அதற்கடுத்த நாள் காலையில் கிழக்கு மேற்காக இரண்டாவது பூச்சு. அது முடிந்ததும் அழகுபாண்டி ஷிப்டுக்குக் கிளம்பினான். கிளம்பும்போது படியில் நின்று சொன்னான். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"ப்பா, தண்ணி மட்டும் காட்டிறாதீக. இது காத்துல தானா இறுகிக்கிரும்."

"சிமெண்டு போட்டிருக்குல்ல?"

"போட்டிருக்கு. ஆனா இதுக்குத் தண்ணி வேணாம்."

"சரிடா, போய்ட்டு வா."

அன்று பொழுது சாயும் நேரம் அண்ணன் மில்லுக்கு வந்தார். "காளை, சணல் சாக்கு கெடக்கா?"

மில்லில் இப்போது எல்லாம் பிளாஸ்டிக் சாக்குதான். பழைய சணல் சாக்குகள் கொஞ்சம் பரணில் கிடந்தன. "எதுக்குண்ணே?" என்று கேட்டுக்கொண்டே எடுத்துக் கொடுத்தேன்.

"சும்மாதாம்ப்பா" என்று வாங்கிக்கொண்டு போனார்.

ஊர் விசயமெல்லாம் விசாரிக்கிற நான் அந்த ஒன்றை மட்டும் விசாரிக்காமல் விட்டேன்.

மறுநாள் விடிகாலையில் என் மாடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். எதிர் மாடியில் அண்ணன் குனிந்து நிற்பது தெரிந்தது. கிழக்குப் பக்கம், வெயில் முதலில் விழுகிற இடத்தில், என் சாக்குகள் வரிசையாகப் பரத்திக் கிடந்தன. ஈரமாக, புதுக் கான்கிரீட் இறுக நனைத்துப் போடுவார்களே, அப்படி. அண்ணன் ஒரு சாக்கின் முனையைப் பிடித்துத் தூக்கினார். சாக்கோடு பூச்சும் சேர்ந்து உரிந்து வந்தது. அவர் அடுத்த சாக்கைத் தூக்கவில்லை. கையில் பிடித்தது பிடித்தபடி நின்றார்.

வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடினேன். உரிந்த இடத்தில் பூச்சு வெளுத்துப்போய், சாக்கின் பின்னல் அச்சு அச்சாகப் பதிந்து, திரிந்த பால் மாதிரி கிடந்தது. இரண்டு பூச்சும் போய் அடித்தளத்து ஜல்லி மறுபடியும் தெரிந்தது. சாக்கு கொடுத்த பாவம் எனக்கும் உண்டு.

"பய சொன்னான்ல அண்ணே."

"சொன்னான்."

"அப்பறம் ஏண்ணே?"

நான் கீழே எட்டிப் பார்த்தேன். மதினி வாசலில் சாணி தெளித்துக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தி, "சாக்க சுருட்டி ஏங்கிட்டக் குடுங்க. பனி பெஞ்சு ஊதிருச்சுன்னு சொல்லிக்குவோம். இல்லாட்டி சரக்கே போலின்னு சொல்லிருவோம். பய மேல பழி போகட்டும், அவன் சின்னவன், தாங்குவான்" என்றேன்.

நல்ல மனதோடுதான் சொன்னேன். அண்ணன் என்னைப் பார்த்தார். சாக்கைக் கீழே போட்டுவிட்டுப் படி முனைக்குப் போனார்.

"செல்லத்தாயி. செத்த மேல வா."

கீழே தெளிக்கிற சத்தம் நின்றது. மதினி மாடி ஏறி வருடம் ஒன்றாகப் போகிறது. கொஞ்ச நேரம் கழித்து ஒவ்வொரு படியாக, கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு வந்தார். கையில் சாணி ஈரம் இன்னும் காயவில்லை. பார்த்தார்.

"நாந்தேன்" என்றார் அண்ணன். "சாக்க நனைச்சுப் போட்டது நாந்தேன். பய வேணாம்னு சொன்னான். காதுல நல்லா விழுந்துச்சு. கேட்டுக்கிட்டே போட்டேன்."

"ஏன்யா?"

"சாயந்தரம் வந்து தொட்டுப் பாத்தேன். வெயில்ல வெறைச்சுப்போயி, காஞ்ச வாயோட கெடந்துச்சு. சிமெண்டப் பாத்துட்டுத் தண்ணி காட்டாமப் படுத்தா ஒறக்கம் வராது. கெட்டுப்போச்சு. ஒனக்கு வாகான எடமாப் பாத்துக் கெடுத்துட்டேன்."

மதினி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டப்போகிறார் என்று நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன். மதினிக்கு முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் வாயைப் புறங்கையால் மூடிக்கொண்டார். சிரிப்பு. அடக்க அடக்க வந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"காஞ்ச வாயோட கெடந்துச்சாம். கட்டுன பொண்டாட்டிக்கு ஒரு சொம்புத் தண்ணி மோந்து குடுத்திருப்பியாய்யா நீயி?"

அண்ணனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவரும் இளித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. பார்க்க எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மதினி அழகுபாண்டிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். விசயத்தைக் கேட்டதும் அவன் தலையிலடித்துக்கொள்ளும் சத்தமே கேட்டது.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேனம்மா. இந்த மனுசனுக்கு..."

"விடுடா. கலவ போட்ட மறுநா தண்ணி ஊத்தலைன்னா என்னைய எம்புட்டு ஏசிருக்காரு தெரியுமா? பழகுன கை சும்மா இருக்குமா? நா மேல வந்திருந்தா நானே ஊத்திருப்பேன். இப்ப என்ன செய்யணும், அதச் சொல்லு."

ஊதியதையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, ஓரம் கெட்டியாக இருக்கிற இடம்வரை தேய்த்து, ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவிட்டு, மிச்சச் சரக்கை அந்த இடத்துக்கு மட்டும் இரண்டு தடவை உருட்டச் சொன்னான். நிறம் கொஞ்சம் மாறித் தெரியும் என்றான். "தெரிஞ்சாத் தெரியட்டும்" என்று மதினி போனை வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுரண்டுகிற பட்டித் தகடு எங்கே என்று கேட்டார்.

அன்றைக்கும் அடுத்து வந்த நாட்களிலும் நான் மில்லில் சரியாக நிற்கவில்லை என்று என் பெண்டாட்டி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். மதினி சுரண்ட, அண்ணன் தேய்க்க, அந்த மாடியில் பேச்சு ஓயவில்லை. சோழவந்தானில் சாரம் சரிந்து அண்ணன் சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்த கதை, சமயநல்லூரில் வீட்டுக்காரம்மா கருப்பட்டிக் காப்பி கொடுத்த கதை. கலவை கலக்கும்போது மதினிதான் தூள் போட்டார். "கெட்டியா இருக்கு", "இன்னும் கொஞ்சம் பாலு விடு" என்று அண்ணன் சொல்ல, "எனக்குத் தெரியும், நீ ரோலரப் பிடி" என்று மதினி சொல்ல, இட்லி மாவுப் பதத்துக்கு வந்தது. அண்ணன் உருட்டினார். கடைசியில் ஒட்டுப்போட்ட இடம் சேலையில் தைத்த துண்டு மாதிரி கருப்படித்துத் தெரிந்தது. அண்ணனுக்கு அது உறுத்தியது. மதினி கண்டுகொள்ளவில்லை.

பூச்சு நன்றாக இறுகட்டும் என்று காத்திருந்து, அண்ணன் ஒரு நாள் புது விளக்குமாற்றால் மாடி முழுக்கக் கூட்டினார். கூட்டி முடித்து உள்ளங்கையால் தரையைத் தடவி மதினியிடம் காட்டினார். கை சுத்தமாக இருந்தது. மதினி, "கையப் பாத்து என்ன செய்ய, வாயில பாத்தாத்தான் தெரியும்" என்றார்.

மறுநாள் ஒரு சின்னத் தூக்கில் அரிசி வந்தது. நானே நின்று நைசாக அரைத்துக் கொடுத்தேன். அடுத்த நாள் விடியுமுன்னே ஜவ்வரிசியும் பச்சைமிளகாயும் சீரகமும் போட்டுக் கூழ் கிண்டுகிற வாசம் தெருவுக்கு வந்தது. நனைத்துப் பிழிந்த வேட்டியை மதினி அந்தக் கருப்படித்த ஒட்டின் மேல்தான் விரித்தார். கரண்டி கரண்டியாக ஊற்றினார். அன்றைக்கென்று பார்த்துக் காற்று சுழற்றிச் சுழற்றி அடித்தது. அண்ணன் குடையைப் பிடித்துக்கொண்டு காவலுக்கு உட்கார்ந்திருந்தார். வெயிலுக்கு இல்லை, காக்காய்க்கு.

நன்றாகக் காய்ந்த அன்றைக்குச் சாயந்தரம் என்னையும் கூப்பிட்டார்கள். மதினி மாடியிலேயே சின்ன அடுப்பை வைத்துக் கடலை எண்ணெயைக் காயவைத்தார். வத்தல் போட்டவுடன் பூத்து மேலே வந்தது. வடித்துத் தட்டில் போட்டார். நான் கையை நீட்டினேன். மதினி தட்டை அண்ணன் பக்கம் நகர்த்தினார்.

அண்ணன் ஒன்றை எடுத்துக் கடித்தார். கரகரவென்று சத்தம் வந்தது. மதினி கரண்டியைப் பிடித்தபடி அவர் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மண்ணு?"

"இல்ல."

நானும் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "சுத்தமா இல்ல மதினி. அருமையா இருக்கு" என்றேன்.

"ஒன்னைய யாரு கேட்டா?" மதினி அண்ணனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "வேற?"

அண்ணன் மென்றார். விழுங்கினார். மதினியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டுப் போங்களேன் அண்ணே, இத்தனை பாடுபட்ட பிறகு ஒரு நல்ல வார்த்தைதானே என்று நான் மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

"உப்பு பத்தல" என்றார் அண்ணன்.

மதினி கரண்டியை எண்ணெய்ச் சட்டியின் மேல் குறுக்காக வைத்தார்.

"அப்பறம்?"

"காரம் நாக்குல ஏறல. மொளகா பிஞ்சு போலருக்கு. கூழு இன்னும் ஒரு கொதி வெந்திருக்கணும். நடுவுல லேசா மாவு வாட அடிக்குது."

மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுப்புப் புகை ஒன்றும் இல்லை, கேஸ் அடுப்பு. தட்டிலிருந்து இன்னொரு வத்தலை எடுத்து அண்ணன் கையில் வைத்தார்.

"இதையும் தின்னுய்யா. இன்னும் என்னென்ன கொறையிருக்கோ, ஒண்ணு விடாமச் சொல்லு."

அண்ணன் சுவரில் சாய்ந்து, சம்மணம் போட்டு வாகாக உட்கார்ந்துகொண்டு கடித்தார்.